ஏழரை வேண்டாம்

ஜூன் மாதம். இரவு இரண்டே கால்.
காவேரிப்பட்டினம் சாலையில்
பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள்
பாலம் தாண்டியும் நிற்கின்றன.
கூழ் ஆலையின் எடைமேடை இரண்டும்
அசையவில்லை.

"ரெஹானா மேடம், வண்டியிலயே பழம் வேகுது"
போனில் ஷிப்டு சூப்பர்வைசர் நஞ்சுண்டன்.

கிருஷ்ணகிரியில், என் மாடி அறையில்
கொசுவத்திப் புகைக்குள் உட்கார்ந்து
டேட்டாபேஸைக் கேட்டேன்:
உள்ளே யார் யார்?

ஐம்பது கனெக்‌ஷன்.
மூன்று காத்திருந்தன, எதற்கென்று சொல்லாமல்.
மற்ற நாற்பத்தேழுக்கும் நேராக
ஐடில்
ஐடில்
ஐடில் என்று திரை நெடுக.

வெளியே இத்தனை வண்டி நிற்க
உள்ளே நாற்பத்தேழு பேர் சும்மாவா?
பக்கத்துக் கட்டத்தில் ஒவ்வொன்றும் கடைசியாகச் சொன்ன வரி இருந்தது.
அதை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதாக
நானே எண்ணிக்கொண்டேன்.
சொல்லி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.
கூப்பிட்டால் எழுந்து வர
பூலில் உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான்.

ஐம்பதையும் வெட்டினேன்.

புதிதாக ஐம்பது வந்தன.
ஒவ்வொன்றும் வாசலில் நின்று
பெயர் சொல்லி, பாஸ்வேர்டு சொல்லி
இடம் பிடித்து உட்காரும்வரை
சர்வர் மூச்சு வாங்கியது.
பிறகு மேடை அசைந்தது.
"ஆங், ஓடுது மேடம்" என்றார் நஞ்சுண்டன்.
லேப்டாப்பை மூடப்போனேன்.

மூன்று மணிக்கு மறுபடி போன்.
காலி டிராக்டரோடு மேடையில் நிற்கிறார்
வேப்பனஹள்ளி திம்மராயப்பா.
அவர் பாரத்தோடு ஏறிய எடை
எங்கும் இல்லை.
மாங்காய் ஏற்கெனவே குவியலில் கலந்துவிட்டது.

வெட்டுவதற்கு முன் எடுத்த பட்டியலைத் திறந்தேன்.
திரையில் கட்டம் ஒடுக்கம்.
இழுத்து அகலமாக்கினேன்.
நாற்பத்தாறுக்கு நேராக ஐடில்.
ஒன்றுக்கு மட்டும் வால் இருந்தது:
ஐடில், டிரான்சாக்‌ஷனுக்குள்.
இருபத்தோரு நிமிடமாக.

சும்மா இருப்பது வேறு.
ஒன்றைக் கையில் இறுக்கிக்கொண்டு
சும்மா இருப்பது வேறு.

நடந்தது இது:
மேடை ஒன்றில் மாதேஷ் எடை எடுத்தார்.
டோக்கன் வரிசையைப் பூட்டியது கனெக்‌ஷன்.
சீட்டு அச்சாகி, அவர் பட்டனை அழுத்தினால்தான் கமிட்.
அச்சுத்தாள் தீர்ந்திருந்தது.
புது ரோல் ஸ்டோர் ரூமில்.
ஸ்டோர் ரூம் சாவி வாட்ச்மேனிடம்.
வாட்ச்மேன் சாலையில் வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.
ஒரு மனிதன் சாவிக்குக் காத்திருக்கும் நேரத்தைப்
பூட்டுக்குள் வைத்துத் தைத்தவள்
நான்.

நான் வெட்டியதும்
பாதி எழுதியதை எழுதாததாக்கிவிட்டு
ஒழுங்காகச் செத்தது கனெக்‌ஷன்.
அதன்மேல் குற்றமில்லை.

ஸ்கூட்டரில் ஆலைக்குப் போனேன்.
எடைமேடை ஓரம் சாக்கு விரித்து
நாலைந்து லோடுமேன்கள் கண்ணயர்ந்திருந்தார்கள்.
ஹாரன் சத்தம் கேட்டு
அதில் இருவர் மட்டும் எழுந்து போனார்கள்.
யாரும் யாரையும் திட்டவில்லை.

அங்கேயே நின்று கோடை மாற்றினேன்:
எடை வந்ததும் எழுது, கமிட் செய்,
கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடு.
அதன் பிறகு தேடு தாளை, சாவியை, வாட்ச்மேனை.

மிச்சம் இருந்தது திம்மராயப்பா கணக்கு.
எடைக் கட்டத்தைக் காலியாக விட
டேபிள் ஒப்புக்கொள்ளாது.
அந்த விதியும் என்னுடையதே.
மாதேஷுக்கு எண் ஞாபகமில்லை,
ஏழில் தொடங்கியது என்றார்.

"போன மூணு லோடு சராசரி பார்த்தா
ஏழரை டன் வரும், போட்டுடுங்க" என்றார் நஞ்சுண்டன்.

திம்மராயப்பா தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.
"ராத்திரி பட்டதே போதும்.
ஏழரை வேணாம்மா.
ஏழே முக்கால்னு போடு."

நஞ்சுண்டன் வேறு பக்கம் பார்த்தார்.
போட்டேன்.
கமிட் ஆனது.
அந்தக் கனெக்‌ஷன் திரும்பிப் போய்
மற்றவற்றோடு உட்கார்ந்தது.